நான்கு எபிசோடு பார்த்துவிட்டு ஒரு தொடரைப் பற்றி என்ன எழுத முடியும்?

கேள்வி கேட்ட நண்பர் சூப்பர்ஹீரோ தொடர்களுக்கு வாராவாரம் விமர்சனம் எழுத ஆரம்பித்திருக்கிறார். இப்போது பேட்மேனின் வில்லனை மையமாக்கிய ‘தி பெங்குவின்’ தொடரில் நான்கு எபிசோடுகள் பார்த்திருக்கிறார், மொத்தம் எட்டு. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்கிறார். காமிக்ஸ் எல்லாம் படித்து, தொடர்புடைய எல்லாத் தொடர்களையும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா, எபிசோடுக்கு எபிசோடு எழுதலாமா, சீசன் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். இவை மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: பாதி மட்டுமே தெரிந்த ஒன்றைப் பற்றி நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

முடியும் என்பதுதான் என் பதில். 2012 அக்டோபரில் ‘ஆரோ’ ஒளிபரப்பாகத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வகைத் தொடர்களைப் பற்றி வாரந்தோறும் எழுதிவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் உறுதியாகக் கற்றுக்கொண்டவை சில உண்டு. இன்னும் தீராத சந்தேகங்களும் உண்டு. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன். உதாரணம் காட்டும்போது சில பழைய தொடர்களின் முடிச்சுகள் அவிழ்ந்துவிடும். ‘வாட்ச்மென்’, ‘வாண்டாவிஷன்’ இரண்டையும் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டுமா என்பதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். 2016-17 சீசனில் ‘ஆரோ’ 23 எபிசோடுகள், ‘தி ஃபிளாஷ்’ 23, ‘சூப்பர்கேர்ள்’ 22, ‘லெஜெண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ 17. ஒன்றோடொன்று பின்னிய இந்த நான்கு தொடர்களில் மட்டும் 85 எபிசோடுகள். ஒன்றுக்கு 42 நிமிடம் என்றால் ஏறக்குறைய 60 மணி நேரம். அந்த ஆண்டு நான் அத்தனையையும் பார்த்தேன், அத்தனைக்கும் எழுதினேன். இன்று எடுத்துப் படித்தால் அவை வருகைப் பதிவேடு போல இருக்கின்றன: யார் வந்தார், யார் போனார், அடுத்த வாரம் யார் வருவார். ஒரு காட்சி ஏன் நன்றாக இருந்தது என்று ஒரு வரிகூட இல்லாத விமர்சனங்கள் அதில் பல. பரப்பு கூடக் கூடக் கவனம் மெலிகிறது. எனவே இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஒரே சமயத்தில் இரண்டு தொடர்களுக்கு மேல் எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள். 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலுமாக வந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ போல ஒரே கதை ஐந்து தொடர்களில் ஐந்து பாகங்களாக ஓடும்போது, மற்ற நான்கையும் தொடர்ந்து பார்த்திராத ஒருவருக்கு அந்தப் பாகம் புரிந்ததா என்பதும் விமர்சனத்துக்கு உரிய கேள்விதான். ‘எனக்கு இந்த இடம் புரியவில்லை’ என்று எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்தக் குறையோடு பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நீங்கள்தான் சாட்சி.

காமிக்ஸ் படித்திருந்தால் நல்லது. ஒரு பாத்திரம் எங்கிருந்து வந்தது, எதை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் மாற்றியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டாகாது. மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்பது பாராட்டும் ஆகாது. 2019இல் எச்பிஓவில் வந்த ‘வாட்ச்மென்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் காமிக்ஸில் ‘ஹூடட் ஜஸ்டிஸ்’ என்ற முகமூடி வீரன் யார் என்பது ஊகமாகவே விடப்பட்டிருக்கும். டேமன் லிண்டெலாஃபின் தொடர் அந்த ஊகத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தனக்கென்று ஒரு விடை வைத்தது. மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு மட்டுமே மதிப்பெண் போடுகிறவர் அங்கே சிவப்பு மையால் சுழித்திருப்பார். என் கணக்கில் அந்தத் தொடரின் ஆகச் சிறந்த முடிவு அதுதான்.

அதே தொடரை வைத்தே என் வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் தொடர் கொடுக்கும் வாக்கு. வலப்பக்கம் அது நிறைவேறிய இடம். ஒவ்வொரு எபிசோடையும் முதல் தடவை பேனா இல்லாமல் பார்ப்பேன். இரண்டாம் தடவைதான் நோட்டைத் திறப்பேன். ‘வாட்ச்மென்’ முதல் காட்சி 1921, அமெரிக்காவின் டல்சா நகரம். கறுப்பினக் குடியிருப்பை வெள்ளைக் கும்பல் எரித்து அழித்த நாள், வரலாற்றில் நடந்தது. ஒரு சிறுவன் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து ஊமைப்படம் பார்க்கிறான். அவனுடைய தாய் பியானோ வாசிக்கிறாள். திரையில் கறுப்பு முக்காடு போட்ட ஒருவன் குதிரையில் துரத்திவந்து ஊர் ஷெரீஃபைக் கயிறு வீசிப் பிடிக்கிறான். முக்காட்டை விலக்கினால் அவன் பாஸ் ரீவ்ஸ், கறுப்பின மார்ஷல். வெளியே குண்டுச் சத்தம். அன்று என் இடப்பக்கத்தில் மூன்று சொற்கள் எழுதினேன்: முக்காடு, கயிறு, சிறுவன். வலப்பக்கம் ஐந்து வாரம் காலியாகக் கிடந்தது. ஆறாவது எபிசோடில் அந்தச் சிறுவன் வளர்ந்து நியூயார்க்கில் போலீஸ்காரனாகிறான். உடன் வேலை செய்கிறவர்களே அவன் தலையில் முக்காட்டை மாட்டி, கழுத்தில் கயிற்றைப் போட்டுத் தூக்குகிறார்கள். உயிர்போகும் நேரத்தில் இறக்கிவிடுகிறார்கள். அந்த முக்காட்டையும் அறுந்த கயிற்றையும் அணிந்தபடியே அவன் முதல் தடவையாக ஒருவரைக் காப்பாற்றுகிறான், ‘ஹூடட் ஜஸ்டிஸ்’ ஆகிறான். மூன்று சொற்களும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த எபிசோடை எழுதிய லிண்டெலாஃபுக்கும் கார்ட் ஜெஃபர்சனுக்கும் 2020இல் எம்மி விருது கிடைத்தது. தொடருக்கு மொத்தம் 11. விருது வருமுன்பே என் நோட்டு அதைச் சொல்லிவிட்டது.

பாதியில் எழுதலாம் என்று நான் சொல்வது இந்த நோட்டை நம்பித்தான். நான்கு எபிசோடு பார்த்தவருக்கு முடிவு தெரியாது. ஆனால் இதுவரை என்னென்ன வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதில் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது, எது மறக்கப்பட்டுவிட்டதுபோல் தெரிகிறது என்பது தெரியும். அவ்வளவும் எழுதத் தக்கது. எத்தனை எபிசோடு பார்த்துவிட்டு எழுதுகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இதில் மட்டும் விதிவிலக்கே கிடையாது. 2017இல் ‘ஐயர்ன் ஃபிஸ்ட்’ வருவதற்கு முன்பு விமர்சகர்களுக்குக் காட்டப்பட்டவை 13 எபிசோடுகளில் முதல் ஆறுதான். அதைத் தெளிவாகக் குறிப்பிட்டவர்களின் விமர்சனம் இன்றும் நிற்கிறது. தொடர் முழுவதையும் பார்த்ததுபோன்ற தோரணையில் எழுதியவர்கள், சொன்னது சரியாக இருந்தாலும், வாசகருக்குத் தவறிழைத்தவர்கள்.

ஆனால் எது வாக்கு, எது நம்முடைய ஆசை என்று பிரிப்பது எளிதல்ல. இதில் நான் நன்றாகவே வழுக்கி விழுந்திருக்கிறேன். 2021இல் ‘வாண்டாவிஷன்’ ஒன்பது எபிசோடுகளாக வந்தபோது முதல் எபிசோடுக்கு நான் எழுதிய விமர்சனத்தை இப்போதும் மாற்ற மாட்டேன். கறுப்பு வெள்ளையில், பார்வையாளர் சிரிப்பொலியோடு, 1950களின் குடும்ப நகைச்சுவைத் தொடர் போலவே எடுத்திருந்தார்கள். வாண்டாவின் கணவன் விஷனுடைய முதலாளியும் அவர் மனைவியும் விருந்துக்கு வருகிறார்கள். எங்கிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று முதலாளி துருவித் துருவிக் கேட்கிறார். பதில் இல்லை. சட்டென்று அவருக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் மனைவி சிரித்த முகத்தோடு “நிறுத்துங்கள்” என்கிறாள். மறுபடி “நிறுத்துங்கள்”. சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, குரல் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. அதுவரை மேடை நாடகம் பார்ப்பதுபோல் தள்ளியே நின்ற கேமரா இப்போது முகங்களை நெருங்குகிறது. சிரிப்பொலி நின்றுபோயிருக்கிறது, எப்போது நின்றது என்று நமக்கே தெரியவில்லை. “விஷன், அவருக்கு உதவு” என்று வாண்டா சொல்கிறாள். அவன் உதவியதும் கேமரா பழைய இடத்துக்குப் போகிறது, சிரிப்பொலியும் திரும்பிவருகிறது. நடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எழுத, முன்பு வந்த படங்களைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. காதும் கண்ணும் திறந்திருந்தால் போதும்.

வழுக்கியது ஐந்தாவது எபிசோடில். வாண்டாவின் இறந்துபோன இரட்டைச் சகோதரனாக, அதற்கு முன் அந்த வேடத்தில் வந்த நடிகருக்குப் பதிலாக, வேறொரு நிறுவனத்தின் எக்ஸ்-மென் படங்களில் அதே பாத்திரத்தை ஏற்ற இவான் பீட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். அவ்வளவுதான், அடுத்த நான்கு வாரமும் நான் எழுதியது விமர்சனமல்ல, ஜோசியம். இரண்டு உலகங்கள் இணையப்போகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசி எபிசோடில் அவர் அந்த ஊரில் வசிக்கும் சாதாரண மனிதர் என்று தெரிந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்து எழுதினேன். சில மாதம் கழித்து நோட்டைத் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது: ‘வாக்கு’ பக்கத்தில் நான் எழுதியிருந்தவற்றில் பாதி என் ஊகங்கள். தொடர் அவற்றைச் சொல்லவே இல்லை. அந்த ஆத்திரத்தில் எட்டாவது எபிசோடில் ஒரு பெண்ணின் துக்கத்தை அவ்வளவு பொறுமையாகப் பின்னோக்கிச் சென்று காட்டியதைப் பற்றி நான் நான்கு வரிதான் எழுதியிருந்தேன். ஆனால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். நடிகரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு பேச்சுத்தான். அத்தனை நடிகர்கள் இருக்க அவரையே கொண்டுவந்தது எதையோ எதிர்பார்க்கச் செய்யத்தானே? அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டது முழுத் தவறா என்று இன்றும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது நோட்டில் பென்சிலால் மூன்றாவது பத்தி ஒன்று போட்டிருக்கிறேன்: ‘என் ஊகம்’. விமர்சனம் எழுதும்போது அந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொள்வேன்.

ஒரு தொடர் ஏன் தொய்கிறது என்று புரிய, அது எப்படித் தயாராகிறது என்பதையும் ஓரளவு தெரிந்துவைத்திருங்கள். 2013 செப்டம்பரில் தொடங்கிய ‘ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ முதல் பதினாறு எபிசோடுகள் இடத்தைவிட்டு நகராமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்பது எபிசோடுக்குப் பிறகு நான் இனி இதற்கு எழுத மாட்டேன் என்று அறிவித்தேன். அந்தத் தொய்வுக்கான காரணம் 2014 ஏப்ரலில் தெரிந்தது. ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவில் வெளியாகி, படத்துக்கும் தொடருக்கும் பொதுவான உளவு அமைப்பான ஷீல்டுக்குள்ளேயே எதிரிக் கூட்டமான ஹைட்ரா புகுந்திருப்பதை உடைத்தது. நான்கே நாளில், ஏப்ரல் 8 அன்று, பதினேழாவது எபிசோட் அந்த இடியைத் தொடருக்குள் இறக்கியது. கூடவே இருந்த ஒருவனே துரோகி. படம் வரும்வரை அந்த ரகசியத்தைத் தொட முடியாமல் கதாசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ‘ஹீரோஸ்’ இரண்டாவது சீசன் பதினொன்றாவது எபிசோடோடு நின்றதற்கு 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் காரணம். இப்படிப்பட்ட காரணங்கள் விளக்கம்தானே தவிர மன்னிப்புச் சீட்டு அல்ல. பதினாறு வாரம் சலிப்போடு உட்கார்ந்திருந்தவரின் மாலைப்பொழுது போனது போனதுதான். அதையும் எழுத வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு ஆண்டுக்கு 22, 23 எபிசோடு நிரப்ப வேண்டியிருந்தபோது, வாரத்துக்கு ஒரு வில்லன் வந்துபோகும் இடைநிரப்பு எபிசோடுகள் தவிர்க்க முடியாதவை. ஸ்ட்ரீமிங் அவற்றை ஒழித்துவிட்டது. ஆறு எபிசோடில் கதையை முடித்துவிட்டு, இது ஆறு மணி நேரத் திரைப்படம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த இடைநிரப்பு எபிசோடுகளில்தான் பாத்திரங்கள் சும்மா உட்கார்ந்து பேசின. நமக்கு அவர்கள் மீது பிரியம் வளர்ந்தது அங்கேதான். 1966இன் ‘பேட்மேன்’ வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு இரவு ஒளிபரப்பாகி, முதல் இரவு நாயகனைப் பொறியில் மாட்டிவிட்டு மறுநாள் விடுவித்தது. கேலிக்கூத்தாகத் தெரிந்தாலும் எபிசோட் என்பதற்கு ஒரு தலையும் வாலும் வேண்டும் என்று அதை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பல தொடர்களில் எபிசோட் என்பது கத்தரித்த இடம், அவ்வளவே.

சண்டைக் காட்சிகளை எழுதுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தும் இந்த வகையில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் அது என்பதால் சொல்கிறேன். ‘மிரட்டல்’, ‘அபாரம்’ என்பவை ஒன்றும் சொல்லாத சொற்கள். 2015இன் ‘டேர்டெவில்’ இரண்டாவது எபிசோடின் தாழ்வாரச் சண்டையை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெட்டே இல்லாத ஒரே ஷாட் போல ஓடுகிறது. கடத்தப்பட்ட சிறுவன் தாழ்வாரத்தின் கோடியில் ஓர் அறையில். நாயகன் அந்த எபிசோட் தொடங்கும்போதே அடிபட்டுக் குப்பைத் தொட்டியில் கிடந்தவன். சண்டையில் பாதி பக்கத்து அறைகளுக்குள் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. கதவு வழியே ஒரு மைக்ரோவேவ் அடுப்பு பறந்து வருகிறது. இரண்டு அடிக்கு ஒருமுறை அவன் சுவரில் சாய்கிறான். விழுந்தவர்கள் எழுகிறார்கள், அவனுக்குக் கை தூக்கவே முடியவில்லை. களைப்புதான் அந்தக் காட்சியின் கதை. அடிபட்டாலும் அலுங்காத நாயகர்களையே பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதாக இருந்ததற்கு அதுவே காரணம். இதை எழுதினால் ‘அபாரம்’ என்ற சொல் தேவைப்படாது.

மதிப்பெண்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். விமர்சனங்களைத் திரட்டும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ இணையதளம் காட்டும் சதவீதம் எத்தனை விமர்சகர்களுக்குப் பிடித்தது என்பதன் கணக்கு. எவ்வளவு பிடித்தது என்பதன் கணக்கல்ல. நூறு பேரும் பத்துக்கு ஆறு போட்டு ‘பரவாயில்லை’ என்றாலும் அங்கே 100 சதவீதம் வந்துவிடும். பார்வையாளர் மதிப்பெண் அதைவிட வழுக்கல் நிலம். ‘தி பாய்ஸ்’ முதல் சீசன் முழுவதும் 2019இல் ஒரே நாளில் வந்தது. 2020இல் இரண்டாவது சீசனில் மூன்று எபிசோடுகளை முதலில் விட்டு மற்றவற்றை வாரம் ஒன்றாகக் கொடுத்தார்கள். காத்திருக்க வைத்த கோபத்தில் பலர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அந்த நட்சத்திரங்களுக்கும் தொடரின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

வாரந்தோறும் எழுதுவதா, முடிந்தபின் எழுதுவதா என்பதில்தான் எனக்கு உறுதி குறைவு. வாராந்திர எழுத்தில் அந்தந்த வாரத்தின் சூடு இருக்கும். காத்திருப்பு என்ற அனுபவமே பதிவாகும். கூடவே நான் சொன்ன ஜோசிய நோயும் வரும். முடிந்தபின் எழுதினால் வடிவம் தெளிவாகத் தெரியும். நடுவில் நாம் அடைந்த பயமும் சந்தேகமும் ஆவியாகிவிட்டிருக்கும். நான் செய்வது இது: வாரம் ஒன்றாக வருவதை வாரந்தோறும் எழுதுகிறேன், மொத்தமாக வருவதை ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் பார்க்காமல், முடித்து ஒரு வாரம் ஆறவிட்டு எழுதுகிறேன். எனக்குப் பொருந்தும் முறை உங்களுக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அனிமேஷன் தொடர்களிலும், 1971இல் ‘காமன் ரைடர்’ தொடங்கி ஜப்பானில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்த முகமூடி நாயகர் தொடர்களின் மரபிலும் எனக்குப் பயிற்சி போதாது. இங்கே சொன்னதெல்லாம் நடிகர்கள் நடிக்கும் ஆங்கிலத் தொடர்களை வைத்து வந்த அனுபவம்.

இனி ‘தி பெங்குவின்’. நான்காவதுக்கு மேல் எதையும் சொல்ல மாட்டேன். இது யாருடைய கதை, பெங்குவின் என்று அழைக்கப்படும் ஆஸ் காபினுடையதா, மாஃபியாக் குடும்பத்து மகள் சோஃபியா ஃபால்கோனுடையதா என்று தெரியாமல் எழுத முடியவில்லை என்கிறீர்கள். மூன்று எபிசோடு ஆஸின் தோளுக்குப் பின்னால் நடந்த தொடர், நான்காவதில் அவனை ஓரம்கட்டிவிட்டுச் சோஃபியா ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் அடைபட்ட பத்து ஆண்டுகளுக்குள் போகிறது. பெயரில் இருப்பவனைவிட அவனால் காட்டிக்கொடுக்கப்பட்டவள் மீது நமக்கு நெருக்கம் வருகிறது. அது தற்செயலாக நடந்திருக்காது. உங்கள் குழப்பத்தைத் தொடர்தான் உண்டாக்கியிருக்கிறது. எந்தக் காட்சியில், எந்த முகத்தில் அது தொடங்கியது என்று தேடிப் பாருங்கள். கடைசி விருந்துக் காட்சியை மறுபடி ஒருமுறை போட்டு, சோஃபியாவாக நடிக்கும் கிறிஸ்டின் மிலியோட்டி பேச எழும்போது மேசையைச் சுற்றி இருப்பவர்களின் முகங்களை மட்டும் கவனியுங்கள். பிறகு ‘எட்டில் நான்கு எபிசோடுகள் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்’ என்று முதல் வரியை எழுதுங்கள். ஐந்தாவதை அதற்குப் பிறகு பாருங்கள்.